இரண்டாவது ரிமோட்

ஆயுத பூஜைக்கு லோகப்பிரியா வைத்த சந்தனப் பொட்டை மதன்குமார் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான். கேம் கன்சோலை டி.வி.க்கு அடியிலிருந்து எடுத்து வந்து, பால்கனி வெளிச்சத்தில், முக்காலி மேல் வைத்திருந்தான். பொட்டு காய்ந்து ஏழு மாதம் ஆகியிருந்ததால் லேசில் போகவில்லை. நகத்தால் சுரண்டினான். சந்தைக்கு ஓட்டிப் போகிற மாட்டைக் குளிப்பாட்டும் அக்கறை அந்தக் கையில் தெரிந்தது. புதினாக் கட்டோடு வாசற்படியில் நின்ற லோகப்பிரியாவுக்கு விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள்.

"ஏனுங்க, எதுக்குங்க அதைப் போட்டுத் தொடைக்கறீங்க?"

"போட்டோ எடுத்துப் போடலாம்னுங்க. வித்துப்போடலாம். இப்ப ஃபோன்லயே எல்லா கேமும் வந்துருச்சு. இது சும்மா எடத்தை அடச்சுட்டு நிக்குது."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குத் தொல்லையாக இருந்தது. அந்தப் பெட்டி போட்டதும் மூச்சிரைக்கிற மாதிரி சத்தம் போடும். அரை மணியில் தோசைக்கல்லாகச் சுடும். கரண்ட் போனால் ஆட்டம் போச்சு. அவன் போன மாதம் வாங்கிய ஃபோனில் அதே கால்பந்து, அதே பச்சை மைதானம், புல் இன்னும் பச்சையாகவே இருந்தது. பேருந்தில் நின்றுகொண்டே ஆடலாம். ஃபோன் மேல் அவளுக்கு எந்தக் கோபமும் கிடையாது. கோபியில் இருக்கும் அம்மாவின் முகத்தைத் தினமும் காட்டுகிற பொருள் அது. ஆனாலும் அந்தப் பொட்டு கரைந்து துணியில் மஞ்சளாக இறங்கியபோது அவள் புதினாக் கட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

கல்யாணமாகி கருமத்தம்பட்டிக்கு வந்து இரண்டரை வருடம். கீழ்த் தளத்தில் வீட்டுக்காரரின் விசைத்தறிகள் ஓட, மாடியில் இவர்கள் குடியிருந்தார்கள். அவன் பம்ப் கம்பெனியில் சி.என்.சி. மிஷின் ஓட்டுகிறவன். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங். துணியில் குறை கண்டுபிடிப்பது வேலை. புருஷனிடம் மட்டும் அவளால் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அத்தனை மரியாதை. தெருநாயைக்கூட "அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவான். இவளுக்கும் அவன் 'ங்க'தான் போட்டான். அவளோ, புருஷன் பேரை வாயால் சொல்லாத அம்மாவுக்குப் பிறந்தவள். "சாப்புடறீங்களா?" "சாப்புடறனுங்க." "உப்புப் போதுமுங்களா?" "போதுமுங்க." முதல் ஆறு மாதம் வீடு தபால் ஆபீஸ் மாதிரி நடந்தது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் பொருத்தமான ஜோடி என்று மெச்சிக்கொண்டார்கள். இவளுக்கு மட்டும் யாரோ நல்ல மனிதர் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருப்பதைப் போல இருந்தது.

ஒரு மழை ஞாயிறன்று சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அவன் ஆடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனே பெட்டிக்குப் பின்னாலிருந்து இரண்டாவது ரிமோட்டை எடுத்து நீட்டினான். "சும்மா புடிச்சுப் பாருங்க." அது ரிமோட் இல்லை, கண்ட்ரோலர் என்று திருத்தவும் செய்தான். அவள் இன்றுவரை ரிமோட் என்றுதான் சொல்கிறாள். அன்று ஒன்பது கோல் வாங்கினாள், ஒன்றும் போடவில்லை. அடுத்த வாரம் ஆறு. மூன்றாவது வாரம் இருவரும் ஒரே அணியில் சேர்ந்து மிஷினை எதிர்த்து ஆடினார்கள். கோலுக்கு நேர் எதிரே அவள் ஆள் தனியாக நிற்கிறான், பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. மதன்குமாரோ பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு இரண்டு பேரை ஏமாற்றி வேடிக்கை காட்டுகிறான்.

"டேய், குடுடா! பந்தைக் குடுடா டேய்!"

சொன்னது தன் வாய்தான் என்று புரியவே அவளுக்கு ஒரு நொடி பிடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதிரணி பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. இரண்டு பேரும் துரத்தவில்லை. கோபிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்றுகூட அந்தப் பேதை நெஞ்சு ஓடிப் பார்த்துவிட்டது. அவன் டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்காமல், காது மட்டும் சிவந்துபோய், மெல்லக் கேட்டான்.

"குடுக்கலீன்னா என்னடி பண்ணுவ?"

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிப் போயிற்று. ரிமோட் கையில் இருக்கும் வரை டேய், டீ, போடா, வாடி. கீழே வைத்தால் பழையபடி ங்க. யாரும் பேசி முடிவு செய்யவில்லை. பேசினால் வெட்கத்தில் கெட்டுப்போகும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அந்த டேயோடு சேர்ந்து வேறு பேச்சும் வந்தது. போன வருடம் மூன்றாம் மாதத்திலேயே கரு கலைந்துபோனது. ஆசுபத்திரியில் அவன் "தண்ணி வேணுமுங்களா?" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. கல் மனசு என்று அவள் உள்ளுக்குள் ஒதுக்கி வைத்திருந்தாள். ஒரு மாதம் கழித்து, ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று நிற்கும்போது, திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"அன்னிக்கு மாடிப்படில உக்காந்து அழுதேன்டி. உன்கிட்டக் காட்டிக்கல."

"தெரியும்டா. கண்ணு செவந்திருந்துச்சு."

தெரியும் என்றது பொய். அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கட்டை விரல் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க, கண்ணீர் தாடைவரை வந்து சொட்டியது. அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அரிவாள்மணைக்கும், அவன் வண்டிக்கும், தையல் மிஷினுக்கும் பொட்டு வைத்தவள், யாரும் சொல்லாமலே பெட்டிக்கும் வைத்து, கை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தனக்குப் புருஷனைக் கொடுத்தது அதுதான் என்று அவள் மனதார நம்பினாள். அவன் சிரித்தான். "இதும் ஆயுதமுங்களா?" என்றான்.

இதையெல்லாம் எப்படிச் சொல்லி விற்காதே என்பது? உங்களை டா போட்டுக் கூப்பிட வேண்டும், அதற்கு அந்தப் பெட்டி வேண்டும் என்று எந்தப் பெண்டாட்டி கேட்பாள்? "உங்க இஷ்டமுங்க" என்று சொல்லிவிட்டுப் புதினா ஆயப் போனாள்.

அன்று பொழுது சாய்ந்ததும், ஃபோன் போதும் என்று நிரூபிக்கிற உற்சாகத்தில் அவள் ஃபோனிலும் அந்த ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தான். சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவரவர் தலை அவரவர் மடியைப் பார்த்துக் குனிந்தது. ஆட்டம் நன்றாகவே போனது, குறை சொல்ல முடியாது. நடுவில் அவன் சூப்பர்வைசர் கூப்பிட்டார், எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்தான். அவளுக்குக் கம்பெனி குரூப்பில் நாளைக்கு ஷிப்ட் மாற்றம் என்று வந்து விழுந்தது. மறுபடி ஆடினார்கள். கோலுக்கு எதிரே அவள் ஆள் தனியாக நின்றான்.

"பாஸ் குடுங்க," என்றாள்.

"இந்தாங்க," என்றான்.

கோல் விழுந்தது. "பாத்தீங்களா, எவ்வளவு சுளுவு!" என்று அவன் சந்தோஷப்பட்டான். அவன் கவனிக்கவே இல்லை. அவள் அன்று இரண்டு தோசைக்கு மேல் சாப்பிடவில்லை.

போட்டோவைப் பார்த்துவிட்டுப் பெட்டியை வாங்க வருகிறேன் என்றவர் பீளமேட்டில் டிபன் கடை வைத்திருக்கும் பங்காரு. ஐம்பது வயதுக்காரர். தனக்கும் தம்பிக்கும்தான், ஃபோனில் பந்து கடுகு மாதிரி தெரிகிறது என்றார். இரண்டாவது ரிமோட் கொஞ்சம் இழுக்கிறது, ஆள் தானாக இடது பக்கம் ஓடுகிறான் என்று மதன்குமார் மறைக்காமல் சொன்னான். சரிபண்ணி வையுங்கள், ரிப்பேர் கடைக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று அவரும் ஒப்புக்கொண்டார். அடுத்த ஞாயிறு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்து லோகப்பிரியாவும் உக்கடம் போனாள். வரவேண்டாம் என்று அவன் சொன்னதற்கு, வழியில் கீழே விழுந்துவிடுமுங்க என்று காரணம் சொன்னாள்.

சாஜிதா பேகத்தின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஃபோன், கேம் மிஷின், எதைக் கொடுத்தாலும் பிரித்துப் போட்டுவிடுகிற கைக்காரி. முக்காட்டுக்கு மேல் நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரிமோட்டின் முதுகைக் கழற்றினாள். ஊசியால் எதையோ நெம்பி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தாள். பொடிப்பொடியாக, ஊதா நிறத்தில், வெங்காயச் சருகு.

"யாரு கை இது?" என்று கேட்டுச் சிரித்தாள். "வெங்காயம் உரிச்சுட்டுக் கை கழுவாமப் புடிச்சிருக்கீங்க. குச்சிக்கடியில போயி ஒக்காந்துக்கிச்சு. நானும் இருவது வருசமா பிரிக்கிறேன், சிப்ஸ் தூளு பாத்திருக்கேன், முறுக்கு பாத்திருக்கேன். இது புதுசும்மா."

லோகப்பிரியாவுக்குக் காதுமடல் சூடாகியது.

"விக்கிறீங்களாக்கும்? விக்கலாம், தப்பில்ல. எங்க ஊட்டுலயும் எல்லாம் ஃபோனுதான். ஆளுக்கொரு மூலையில கெடக்குதுங்க, சோத்துக்குக் கூப்புட்டாலும் ஃபோன்லதான் கூப்புடணும்." சொல்லிக்கொண்டே துலக்கி முடித்தாள். மேசையில் இருந்த சின்ன டி.வி.யில் பெட்டியை மாட்டினாள். "மூடறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிசம் ஓட்டிப் பாத்துருங்க. ரெண்டு பேரும் புடிங்க. ஒருத்தரா ஆடினா இது தெரியாது."

முதுகு திறந்தபடியே ரிமோட்டை வாங்கிக்கொண்டாள் லோகப்பிரியா. கடையில் வேறு நாலைந்து பேர் நின்றார்கள். இங்கே வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆட்டம் தொடங்கியது. இடது பக்கம் இழுக்கவில்லை. சொன்ன பக்கம் போனது. "நல்லா இருக்குதுங்களா?" என்றான். "இருக்குதுங்க," என்றாள். கடைசித் தடவை என்ற நினைப்பு வந்தது. இவ்வளவு நாள் கொடுத்ததே பெரிது, இதற்கு மேல் எதற்கு ஆசைப்படுவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பந்தை வாங்கிக்கொண்டு வலது ஓரமாக ஓடினாள். ஒருவனைத் தாண்டினாள். இன்னொருவனையும் தாண்டினாள். நடுவில் மதன்குமாரின் ஆள் தனியாகக் கை தூக்கிக்கொண்டு நின்றான். அவள் கொடுக்கவில்லை.

"ஏய், குடுடி! இங்க குடுடி, லோகு!"

கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மதன்குமார் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றான். லோகு என்று அவன் இதுவரை கூப்பிட்டதே இல்லை. கையில் இருந்த ரிமோட்டை ஒருமுறை பார்த்தான், அவளைப் பார்த்தான். எத்தனையோ நாளாக வீட்டில் ஓடுகிற ஒரு சத்தத்தை முதல்முறையாகக் காதில் வாங்கியவன் முகம் அது. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவாள்.

"குடுக்கலீன்னா என்னடா பண்ணுவ?" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

வாசலில், மடித்த கட்டைப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பங்காரு வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. "ஏனுங்க தம்பி, ரிப்பேரு முடிஞ்சுதுங்களா?"

"இன்னும் முடியலீங்க, செத்த உக்காருங்க," என்றான் மதன்குமார். மூச்சுவிடாமல் இந்தப் பக்கம் திரும்பி, "உள்ள வாடி, ஓரத்துலயே ஓடாத!" என்றான்.

பங்காரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவரும் பந்தைப் பார்க்கத் தொடங்கினார். சொன்ன ஐந்து நிமிடம் எப்போதோ கடந்துவிட்டது. லோகப்பிரியாவின் கையில் திறந்த ரிமோட்டின் பச்சைத் தகடும் மெல்லிய கம்பிகளும் விரலில் உரசி, கோழிக்குஞ்சைப் பிடித்த மாதிரி கதகதப்பாக இருந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் சாஜிதா பேகம் ரிமோட்டின் முதுகை ஒரு கையிலும், அதை மூடுவதற்கான நாலு திருகாணியை இன்னொரு உள்ளங்கையிலும் வைத்துக்கொண்டு, கேட்காமல் காத்திருந்தாள்.