பதினைந்தில் ஏழு

என்னை எல்லோரும் பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக ஒரே கால்பந்து கிளப்பில் கோலுக்கு முன்னால் நிற்கிறேன். நகர்த்த இரண்டு ஆள் வேண்டும், உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. முன்னால் ஓடிக் கோல் போடுகிறவர்களுக்குப் புலி, புயல் என்றெல்லாம் பட்டம். பின்னால் நின்று தடுக்கிறவனுக்கு வீட்டுச் சாமான். வருத்தமில்லை. வர்ணனையில் டிஃபெண்டர் பெயர் அடிபட்டால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம். என் பெயரே காதில் விழாத ஆட்டத்தைத்தான் என் அம்மா நல்ல ஆட்டம் என்பாள்.

சீசன் தொடங்குவதற்கு முந்தைய வாரம் கிளப் டாக்டர் ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு சோதனை வைப்பார். பதினைந்து சொற்களை வாசிப்பார். நாற்காலி, நதி, பொத்தான், கழுதை என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வரும். பத்து நிமிஷம் வேறு என்னென்னவோ கேட்டுவிட்டு, அந்தச் சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். எத்தனை சொல்கிறோமோ அதுதான் நம்முடைய எண். ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் வேறு சொற்களோடு மறுபடியும் அதே சோதனை. எண் குறைந்திருந்தால் மூளை கலங்கியிருக்கிறது என்று முடிவு. மூன்று வாரமாவது பெஞ்சு. நாம் பெஞ்சில் உட்கார்ந்தால் நம் இடத்தில் இன்னொருவன் நிற்பான். அவன் நன்றாக ஆடித் தொலைப்பான்.

அதனால் எங்கள் உடை மாற்றும் அறையில் ஒரு வழக்கம். முதல் சோதனையில் யாரும் முழு மூளையோடு உட்கார மாட்டோம். கோல்கீப்பர் எப்போதும் ஆறு. நான் ஏழு. எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று சர்வசாதாரணமாக வரும். ஆனாலும் ஏழில் நிறுத்தி, கூரையைப் பார்த்து, நெற்றியைத் தேய்ப்பேன். உனக்குத் தலை எதற்கு, பந்து முட்ட மட்டும்தானா என்பார் டாக்டர். தொப்பி போடவும்தான் டாக்டர் என்பேன். வெளியே வந்து மிச்சச் சொற்களை மளமளவென்று ஒப்பித்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். வேண்டுமென்றே ஃபெயிலாகிவிட்டு அதைக் கொண்டாடுகிற கூட்டம் உலகத்திலேயே நாங்கள்தான் என்று நினைக்கிறேன்.

போன சனிக்கிழமை ஒரு கார்னர் கிக். நான் முட்ட எம்பினேன், எங்கள் கோல்கீப்பர் குத்த எம்பினான். பந்து இருவரையும் மதிக்காமல் வெளியே போய்விட்டது. அவன் முஷ்டி என் காதுக்கு மேலே வந்து இறங்கியது. எழுந்து நின்று, ஒன்றுமில்லை என்று கை காட்டி, மிச்சம் இருபது நிமிஷம் ஆடினேன் என்று சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு காரில் போனேன். தினமும் திரும்புகிற சிக்னலில், எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நின்றுவிட்டேன். அவள் டிரைவிங் ஸ்கூலில் கற்றுத் தருகிறவள். நான் ஓட்டினால் பக்கத்து சீட்டில் இருந்தபடி இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவாள். அன்று மிதிக்கவில்லை. "லெஃப்ட்" என்றாள். திங்கட்கிழமை சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினேன். அது எல்லோரும் செய்வதுதான். கண்டுபிடித்த பிறகும் அது எந்தக் கதவுக்கு என்று தெரியாமல் நின்றதுதான் உதைத்தது.

செவ்வாய்க்கிழமை டாக்டர் சோதனைக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவை நடிப்பு வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு போனேன். பன்னிரண்டு வந்துவிட்டால் என் பயம் போய்விடும். அடிபட்டதில் புத்தி வந்துவிட்டது என்று அவரிடம் சமாளித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்தேன். ஏழு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கூரையைப் பார்த்தேன், நெற்றியைத் தேய்த்தேன். பதினோரு வருடம் நடித்துக் காட்டியது அத்தனையும் தானாகவே நடந்தது.

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "அதே ஏழு. உன்னை அடிச்சவன் கைக்குத்தான் எக்ஸ்ரே எடுக்கணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வருகிற சனிக்கிழமை சீசனின் கடைசி ஆட்டம். தோற்றால் கிளப் கீழ்ப்பிரிவுக்குப் போய்விடும். கோச் வராந்தாவிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பீரோவைக் கட்டிப்பிடித்து அழுகிறவரை நான் பார்த்தது அன்றுதான்.

கோல்கீப்பரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். ஒரே ஒரு ஆட்டம்தானே, அப்புறம் இரண்டு மாதம் லீவு, நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் என்று அடுக்கினான்.

"மச்சான், நீ வாயைத் திறந்தா எங்க எல்லார் நம்பரும் பொய்னு ஆயிடும். பாத்துக்க."

கெட்டவன் இல்லை. சொல்லிவிட்டுத் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டில் மனைவி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மாணவர்களின் விண்ணப்பங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தமாஷாகத்தான் ஆரம்பித்தேன். அவள் சிரிக்காததால் பாதியில் தமாஷ் தீர்ந்துபோனது.

"இத்தனை வருஷமா வேணும்னே கம்மியா சொன்னீங்க."

"ஆமா."

"நேத்து வேணும்னு சொல்லல."

"நேத்து இல்ல, இன்னைக்கு."

அவள் காகிதத்தைக் கீழே வைத்தாள். நாள் எனக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே தப்பாகக் கேட்டிருக்கிறாள். நான் பாஸ். ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"சனிக்கிழமை எத்தனை தடவை தலையால முட்டுவீங்க?"

பத்துப் பதினைந்து தடவை என்றேன். காலையில் தானும் டாக்டரிடம் வருவதாகச் சொல்லிவிட்டு, முதல் இரண்டு வகுப்புகளை ரத்து செய்யப் போனை எடுத்தாள்.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நன்றாக இருக்கிறது, கடைசி ஆட்டத்துக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு வேண்டியதுதான் என்றார். நான் சத்தியம் செய்தேன், இன்னும் சிரித்தார். பதினோரு வருடம் அந்த அறையில் கோமாளித்தனம் செய்தவன் ஒரு நாள் உண்மை சொன்னால் இப்படித்தான்.

"டாக்டர், இவரு வீட்டுக்கு வழி தெரியாம சிக்னல்ல நின்னாரு" என்றாள் என் மனைவி.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உன் நிஜ நம்பர் என்ன?"

"பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கும்."

"இருக்கும்னா? எங்கேயாவது எழுதி வச்சிருக்கியா?"

இல்லை. கைதட்டினவர்கள் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. என் மூளை நன்றாக இருந்த காலத்தைப் பற்றி உலகத்தில் இருக்கும் ஒரே பதிவு அந்த ஃபைல். அதில் பதினோரு பக்கமும் நான் சொன்ன பொய். எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டாமா என்று கேட்டார் டாக்டர். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. களைத்துப்போய்க் கேட்டார்.

கோச்சுக்குப் போன் செய்து, சனிக்கிழமை என்னை ஆட விட முடியாது என்றார். அதற்குப் பிறகும் சந்தேகம்தான் என்றார். கோச்சின் குரல் போனை விட்டு வெளியே வந்து அறையைச் சுற்றியது. மொத்த டீமுக்கும் சோதனையைத் திரும்ப வைக்கப் போகிறேன், யார் யார் குறைத்துச் சொன்னார்கள் என்று உன்னிடம் கேட்க மாட்டேன் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அந்த மட்டில் பெரிய மனசு.

பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேலே தேதி போட்டுவிட்டு, என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார்.

"முன்னாடி எப்படி இருந்தாரு, நீங்க சொல்லுங்கம்மா."

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். கடைக்கு லிஸ்ட் எழுதிக்கொண்டு போகவே மாட்டார் என்று ஆரம்பித்தாள். எதிர் டீமில் எவன் எந்தக் காலால் அடிப்பான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவள் தம்பி கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை பார்த்த சொந்தக்காரர்கள் நாற்பது பேரை, கிளம்பும்போது பெயர் சொல்லி விடைபெற்றார். "சண்டை வந்தா, நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் என்ன சொன்னேன்னு தேதியோட எடுத்து விடுவாரு. எரிச்சலா வரும் டாக்டர்." சொல்லிவிட்டுப் பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள்.

ஒரு ஜோக் சொல்லலாமென்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. கல்யாணம் ஞாபகம் இருந்தது. நாற்பது பேர் விஷயம் எனக்கு அப்போதுதான் தெரியும்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். நான் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கத் தொடங்கினேன்.