ஆறு பத்து ஜெபமாலை

அக்டோபர், ஜெபமாலை மாதம். விவேக் நகர்ச் சந்துகளில் மாதா சுரூபம் மாலைக்கு ஒரு வீடாகப் போகும். சுரூபத்தை வரவேற்கும் வீட்டுக்காரிதான் அன்றைக்கு ஜெபமாலையை முன்னின்று சொல்ல வேண்டும். வந்தவர்கள் பதில் சொல்வார்கள். அந்த வெள்ளிக்கிழமை மௌரீன் வீட்டு முறை.

போன வருஷம் அந்த வீட்டில் சொன்னது அவள் நாத்தனார் ஷோபா. அதற்கு முந்தின வருஷமும் அவள்தான். இந்த முறை நானே சொல்கிறேனே என்று மௌரீன் கேட்டிருந்தாள். சொந்த வீட்டில் ஜெபம் சொல்ல ஒருத்தி அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

அவளுக்குப் பைபோலார் மனநோய். தூக்கமில்லாமல் ஊரையே விலைக்கு வாங்கப் புறப்பட்ட நாட்களும், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த மாதங்களும் ஓய்ந்து பல வருஷம் ஆகிறது. மாத்திரையை அவள் தவறவிட்டதே இல்லை. ஆனால் நோய் அடங்கும்போது எதையோ கையோடு கொண்டுபோய்விட்டது போலிருந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது பேச்சு நழுவும். இறங்க வேண்டிய நிறுத்தம் கண்ணெதிரே கடந்துபோகும். ஒரு காலத்தில் பள்ளிக்கூட ஆபீசில் தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் ஒரே மூச்சில் பதில் சொன்னவள். இப்போது அவளுக்கு வார்த்தை கிடைப்பதற்குள் கடைக்காரர் அடுத்த ஆளைப் பார்த்துவிடுகிறார்.

மனநிலை சீராகத்தான் இருக்கிறது, கவனமும் ஞாபகமும் சிலருக்கு இப்படிப் பின்தங்கும், நோய் திரும்புகிறது என்று பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் யாருக்கும் அது ஏறவில்லை. பால் பொங்கி வழிந்தால்கூட அவள் கணவன் டிரேவர் கேட்பது ஒன்றுதான்: "மாத்திர போட்டியா?" கெட்டவனில்லை, பயந்தவன். அந்தப் பயத்தில் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான், அடுப்பை வாங்கிக்கொண்டான். கேஸ் லைட்டர் அவன் சட்டைப் பையில்தான் இருக்கும். இனி ஜெபமாலையும் போனால் அந்த வீட்டில் தான் ஒரு விருந்தாளிதான் என்று மௌரீனுக்குத் தெரிந்திருந்தது.

"அண்ணி சொன்னா ஜெபமாலை கிறிஸ்மஸ் வரைக்கும் போகும்," என்றாள் ஷோபா, சிரித்துக்கொண்டேதான். தடுமாறினால் ஷோபா எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டோடு டிரேவர் சம்மதித்தான்.

மாலையில் கூடம் நிறைந்துவிட்டது. ஆஞ்சலா ஆன்ட்டியும் வந்து முன்னால் உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற டீச்சர். யாராவது ஜெபத்தில் ஒரு சொல் பிசகினாலும் நடுவிலேயே நிறுத்தித் திருத்துவார். அதற்குப் பயந்தே சிலர் வாய்க்குள் முனகுவார்கள்.

வெள்ளிக்கிழமை என்பதால் துயர மறைபொருள்கள், ஆண்டவர் பாடுபட்ட நிகழ்ச்சிகள். ஐந்து மறைபொருள், ஒவ்வொன்றுக்கும் ஜெபமாலையில் பத்து மணி, அதாவது ஒரு பத்து. தோட்டத்தில் ஆண்டவர் பட்ட துயரத்தை மௌரீன் சொன்னாள். கற்றூணில் அவர் அடிபட்டதைச் சொன்னாள். மூன்றாவதாக முள்முடி. அந்தப் பத்தும் முடிந்தபோது வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அவ்வளவுதான். ஸ்லேட்டை ஈரத்துணியால் துடைத்தது போல உள்ளே எல்லாம் அழிந்துபோயிற்று.

"மூன்றாவது மறைபொருள்," என்று தொடங்கினாள். "ஆண்டவருக்கு முள்முடி சூட்டியது."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ தவறு என்று முகங்களைப் பார்த்ததும் புரிந்தது. என்ன தவறு என்றுதான் பிடிபடவில்லை. எவ்வளவு துழாவியும் கையில் எதுவும் தட்டுப்படவில்லை. வாசலருகே டிரேவர் தலையைக் குனிந்துகொண்டான். ஷோபா மெல்ல எழுந்து, ஜெபமாலையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள்.

ஆஞ்சலா ஆன்ட்டி தொண்டையைச் செருமினார். திருத்தப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லும்மா. முள்முடி. நாங்க பதில் சொல்றோம்."

மௌரீன் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லித் தன் பாதியில் நிறுத்தினாள். ஆன்ட்டியின் குரல் மறுபாதியை ஓங்கி எடுத்தது. ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஷோபா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முள்முடி இன்னொரு பத்து போயிற்று. பிறகு நான்காவது, ஐந்தாவது. கடைசியில் மன்றாட்டு முடியும்போது மௌரீனுக்கு முதுகு நனைந்திருந்தது.

சமையலறையில் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆறு பத்து.

ஆஞ்சலா ஆன்ட்டி தண்ணீர் கேட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். மௌரீன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"எதுக்கு? மொதல் தடவ முள்முடி சொன்னப்போ நான் வீட்ட பூட்டினேனா இல்லையான்னு நெனச்சிட்டிருந்தேன். ரெண்டாவது தடவதான் ஜெபம் பண்ணேன்." தண்ணீரைக் குடித்துவிட்டு, "நெஜமாவே பூட்டலன்னுதான் நெனக்கிறேன், சீக்கிரம் டீ குடு," என்றார்.

வாசல் நிலையில் டிரேவர் நின்றிருந்தான். கேட்டிருக்க வேண்டும். அவன் வாய் பழக்கத்தில் ஒரு கேள்விக்குத் திறந்தது, மௌரீன் காத்திருந்தாள். கேள்வி வரவில்லை. சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"நீயே போடு. எல்லாரும் காத்திருக்காங்க."

சந்தோஷப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. நாளைக்கு மறுபடி எதையாவது மறப்பாள், அவன் மறுபடி பயப்படுவான், அதுவும் தெரிந்ததுதான். இருந்தாலும் மனிதர் மூலமாகத்தானே ஆண்டவர் கை நீட்டுகிறார், அதுவும் இப்படிச் சின்னச் சின்னதாக. அடுப்பைப் பற்ற வைத்துப் பாலை ஏற்றினாள். கூடத்தில் யாரோ கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. பால் பொங்கி வரும்வரை கண்ணெடுக்காமல் நின்றாள்.