ஒன்றரை ஜாண் மேடு

தங்கதுரை தினமும் மத்தியானம் இரண்டரை மணிக்குப் போன் செய்வான். எழில்மதி அதற்குள் தட்டுக் கழுவி, தலைவாரி, பவுடர்கூடப் போட்டுக்கொள்வாள். முகம் தெரியாத போனுக்குத்தான் இந்தப் பவுடர். எட்டுப் பேர் படுக்கிற அறையில் வீடியோ வேண்டாம் என்று அவன் முதல் மாதமே சொல்லிவிட்டான்.

"சாப்டியா?"

"சாப்டேங்க. நீங்க?"

"ஆச்சி. அம்மா இன்னா பண்ணுது?"

"காட்டுக்குப் போயிருக்காங்க."

"வேற?"

இந்த 'வேற' வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கல்யாணமாகிப் பதினாலு மாதம். அதில் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தது நாற்பது நாள். நாற்பது நாளை வைத்துக்கொண்டு எத்தனை மாதம் பேசுவது? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். போன வாரம் ஒருநாள் போனே வரவில்லை. மறுநாள் கேட்டதற்கு, தூங்கிவிட்டேன் என்றான். இப்படியே போனால் ஒருநாள் இந்தப் போன் நின்றேவிடும் என்று எழில்மதிக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அவனுக்கு வேலை வளைகுடா நாட்டில், ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவில். விடியுமுன், தலைகீழாகச் சுற்றும் ரோலர் கோஸ்டர் வண்டியின் தண்டவாளத்தின் மேல் ஏறி நடந்து, ஒவ்வொரு போல்ட்டாகச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். சத்தத்தை வைத்தே எது இறுக்கம், எது தளர்ச்சி என்று சொல்லிவிடுவானாம். ஊரில், நைனார்பாளையத்தில், அவனை 'ஃபிட்டர்' என்று சொல்வார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது, கட்டிக்கொண்டவளுக்கும் தெரியாது. அவள் நேரில் கண்டதெல்லாம் மாரியம்மன் திருவிழாவுக்கு வருகிற ராட்டினம்தான்.

அன்றைக்கும் 'வேற?' வந்தது. அவன் எப்போதோ அனுப்பிய ஒரு போட்டோவை நினைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைக் கேட்டு வைத்தாள்.

"அந்த வண்டி தலகீழா சுத்துதே, ஆளுங்க ஏங்க வுழ மாட்டேங்குறாங்க?"

கேட்டதுதான் தாமதம். பேசினான் பாருங்கள், கால் மணி நேரம் மூச்சு விடாமல். மேடு என்றான், வேகம் என்றான், வட்டம் என்றான். எழில்மதிக்குப் பாதி புரியவில்லை. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவளுக்கு அவல் கிடைத்தது, அதை விடுவாளா?

மறுநாளே, அதேபோல் ஒன்றை வீட்டிலேயே கட்ட ஆரம்பித்துவிட்டாள். மாட்டுக்கொட்டகையில் எலி கடித்துப் போட்ட பழைய சொட்டுநீர் டியூப் சுருள் கிடந்தது. அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் கோலிகுண்டு ஓட அருமையான பாதை. அதைத் தாங்கும் கால்களுக்குக் காய்ந்த மக்காச்சோளத்தட்டைத் தண்டுகள், கட்டுவதற்குச் சணல். கோலி கடைசியில் வந்து விழ ஒரு எவர்சில்வர் டம்ளர்.

மாமியார் அமிர்தம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "மாட்டுக்கு வெச்ச தட்டைய எடுத்து இன்னாடி பண்ற?"

"உங்க புள்ள பாக்குற வேலதான் அத்த. வூட்லயே செஞ்சி பாக்குறேன்."

"நல்லாருக்குது. அவன் அங்க தொங்கிக்கினு கெடக்கறான், நீ இங்க கோலி வெளாடு." திட்டினாளே தவிர, மறுநாள் பருமனான தட்டைகளாக ஏழெட்டைப் பொறுக்கிச் சுவரோரம் சாத்திவிட்டுத்தான் காட்டுக்குப் போனாள்.

கட்டி முடித்துக் கோலியை விட்டதும் எல்லாம் கிடுகிடுவென்று ஆடியது. போட்டோ எடுத்து அனுப்பினாள். தங்கதுரை விழுந்து விழுந்து சிரித்தான்.

"இன்னா புள்ள இது, பொடலங்கா பந்தலா?"

உண்மைதான். நேராக நாலு கால், குறுக்கே இரண்டு கொம்பு. அவள் கைக்குத் தெரிந்தது அதுதான்.

"பந்தலுக்கு பாரம் மேலருந்து கீழ. இது பக்கவாட்டுல ஒதைக்கும். வெள்ளிமலை பஸ்ஸுல போனமே, வளைவுக்கு வளைவு நீ எம்மேல வந்து சாஞ்ச இல்ல, அந்த மாதிரி. ஒவ்வொரு காலுக்கும் சாய்வா ஒரு முட்டுக் குடு. முக்கோணம் ஆடாது."

அவள் சாய்ந்தது வளைவால் மட்டுமல்ல. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"வட்டம் எவ்ளோ ஒசரம்?" என்றான்.

"ஒரு ஜாண்."

"அப்ப ஆரம்பிக்கிற மேடு ஒன்ற ஜாணுக்குக் கம்மியா இருக்கக்கூடாது. இருந்தா கோலி உச்சியில புடிய வுட்டுடும்."

"யாரு ஜாணுங்க? உங்களுதா, என்னுதா?"

"ரெண்டையும் ஒரே கையால அள, போதும்."

போனை வைத்த பிறகு எழில்மதி தன் கையை விரித்துப் பார்த்தாள். அவன் கை எவ்வளவு பெரியது என்பது அவளுக்கு மறந்து போயிருந்தது.

அதற்குப் பிறகு அவன் இரண்டு மணிக்கே கூப்பிட ஆரம்பித்தான். அவள் போனைத் தரையில் வைத்துக் கோலியை விடுவாள். மண்தரையில் 'தொப்' என்று விழுந்தால், "வட்டத்துலதான வுட்டுச்சி?" என்பான். டியூப் கிறீச்சிட்டால், "மூணாவது காலு லூசு" என்பான். போய்ப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும். அறையில் இருக்கிறவர்கள்கூட, உன் பெண்டாட்டி வண்டி ஓடியதா என்று கேட்கிறார்களாம். இருபது நாள் இப்படிப் போனது.

இருபத்தோராம் நாள் காலை, கடைசி முட்டுக்கொம்பையும் கட்டிவிட்டுக் கோலியை விட்டாள். மேட்டில் இறங்கி, வட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாவது மேடு ஏறி, 'டங்' என்று டம்ளரில் விழுந்தது. பத்து முறை விட்டாள், பத்து முறையும் டங். கோழி ஒன்று மேலே பறந்து உட்கார்ந்தது, அப்போதும் அசையவில்லை. எழில்மதி கைதட்டிக் குதித்தாள். குதித்துவிட்டுத் திரும்பினால் காட்டுவதற்கு ஆளில்லை. வாசலுக்கு நேரே, மேற்கில் கல்வராயன் மலை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

அப்போதுதான் உறைத்தது. கோலி டம்ளருக்குப் போய்விட்டது என்று சொன்னால் அவன் சந்தோஷப்படுவான். அப்புறம் சாப்பிட்டாயா என்பான். அப்புறம் 'வேற?' என்பான்.

கோலி பழையபடி விழட்டும், ஒரு முட்டுக்கொம்பை அவிழ்த்துவிடலாமா என்று சணலில் கை வைத்தாள். பார்த்துப் பார்த்துக் கட்டியதை அவிழ்க்க மனம் வரவில்லை. கோலி டம்ளருக்குப் போகுமுன் கையால் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

இரண்டு மணிக்குப் போன் வந்தது. "இன்னா, வுடு பாக்கலாம்."

போனைத் தரையில் வைத்தாள். கோலியை விட்டாள். விட்டவள், அது வட்டம் சுற்றுகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள். கை நீட்டுவதற்குள், டங்.

"வுழுந்துடுச்சிங்க," என்றாள் அவசரமாக. "வட்டத்துலயே வுழுந்துடுச்சி."

ஒரு போல்ட்டு தளர்ந்திருப்பதைத் தட்டியே சொல்கிறவன். மண்தரைக்கும் எவர்சில்வருக்கும் வித்தியாசம் தெரியாதவனா?

"ஆமா புள்ள," என்றான் தங்கதுரை கடைசியில். "வுழுந்துடுச்சி. கேட்டுது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"மேட்ட இன்னும் ஒரு வெரல் அளவு ஒசத்திப் பாப்போம். அவசரம் இல்ல. நாளைக்கு ஒன்ற மணிக்கே பண்றேன்."

"சரிங்க."

அன்றைக்கு இரண்டு பேரும் 'வேற?' என்று கேட்கவில்லை.