தலைமையகம் சம்மதிக்கவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ‘தலைமையகம்’ என்று எழுதப்போய் ‘தலைமயக்கம்’ என்று எழுதிவிட்டேன். திருத்துவதற்கு அகராதியைப் புரட்டிய இடத்தில்தான் இந்தக் கதை மாட்டியது. ‘உத்தரவுகள் புறப்படும் இடம்’ என்று பொருள் போட்டிருந்தது. உடனே எனக்குத் தெரிந்த ஒரு குமாஸ்தா ஞாபகத்துக்கு வந்தார். (பொய். அப்போதுதான் அவரை உருவாக்கினேன்.)

2

தண்ணீர் மீட்டர் கம்பெனியின் கிளை அலுவலகத்தில், இரும்பு அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே, மதிய வெயில் மெல்ல... [இழுக்கிறது. விட்டுவிடுகிறேன்.]

குமாஸ்தா தன் மனைவியை ‘தலைமையகம்’ என்பார்.

“ஞாயித்துக்கிழமை வேலைக்கு வர்றீங்களா?” என்று மேலாளர் கேட்டால், “தலைமையகத்துல கேட்டுத்தான் சார் சொல்லணும்” என்பார். ஆபீஸே சிரிக்கும். மறுநாள், “தலைமையகம் விடல சார்.”

3

அவருக்குப் பதவி உயர்வு வந்தது. நிஜத் தலைமையகத்துக்கு, வேறு ஊரில். புது ஊர் என்றாலே அவருக்கு ஆகாது. பழக்கதோஷத்தில் பதில் எழுதினார்: ‘தலைமையகம் சம்மதிக்கவில்லை.’*

தலைமையகம் தலையைப் பிய்த்துக்கொண்டது. ‘நாங்கள் எப்போது மறுத்தோம்? சனிக்கிழமை நான்கு மணிக்கு வீட்டுக்கு ஃபோன் செய்கிறோம், விளக்கவும்’ என்று கடிதம் போட்டது. அதைப் பிரித்தவள் மனைவி.

* வேண்டுமென்றே எழுதினாரா? முதல் பிரதியில் ஆமாம். அவ்வளவு தைரியத்தை அவருக்குக் கொடுக்க பிறகு மனம் வரவில்லை.

4

“பதவி உயர்வா? என்கிட்ட எப்ப சொன்னீங்க?”

“சொல்லலாம்னுதான்...”

“பதினெட்டு வருஷமா தலைமையகம், தலைமையகம்னு ஊரெல்லாம் சொல்றீங்க. ஒரே ஒரு உத்தரவாவது என்னைக் கேட்டுப் போட்டிருக்கீங்களா?”

இங்கே குமாஸ்தாவுக்கு ஒரு நகைச்சுவையான பதில் எழுதியிருந்தேன். அவள் கண் கலங்கியதும் அந்த வரியை அடித்துவிட்டேன். எனக்கே கஷ்டமாகிவிட்டது.

“சரி, போலாமா, வேண்டாமா?” என்றார் அவர்.

“தெரியல. கேட்டாத்தானே யோசிப்பேன்?”

5

முடிவு ஒன்று: சாமான்களோடு லாரி கிளம்புகிறது. முடிவு இரண்டு: ‘மன்னிக்கவும்’ என்று இன்னொரு கடிதம் போகிறது.

இரண்டையும் அவளைக் கேட்காமலேயே எழுதிவைத்திருந்தேன். குமாஸ்தாவை இவ்வளவு நேரம் கிண்டலடித்த ஆள் நான்.

சனிக்கிழமை, மணி நான்கு. ஃபோன் அடித்தது. குமாஸ்தா நீட்டிய கையைத் தள்ளிவிட்டு அவளே எடுத்தாள்.

“ஆமா, தலைமையகந்தான் பேசறேன். லைன்லயே இருங்க. யோசிச்சுச் சொல்றேன்.”

நானும் லைனில்தான் இருக்கிறேன். நீங்களும் இருங்கள். நடுவில் யாரும் பேச வேண்டாம்.