லெவ்ற் பாக்கின் ஒப்பந்தம்

ஜூனில் பந்தாட்டம் இல்லை. அதனால் பேச்சு இரண்டு மடங்காக நடந்தது.

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் தேவாலய மண்டபத்தில் கோப்பியும் ரோல்சும் கிடைக்கும். ஜன்னலோர மேசையில் அந்தோனிதாசன் உட்காருவார். எதிரே சண்முகலிங்கம். அவர் சைவர், பூசைக்கு வருவதில்லை, கோப்பிக்குத் தவறுவதில்லை. இருவருக்கும் ஒரே சீஸ் தொழிற்சாலையில் வேலை. இருவரிடமும் ஸ்டோரோ உதைபந்தாட்டக் கழகத்தின் சீசன் கார்டு இருந்தது. கழகத்தை நடத்துவது தாங்கள்தான் என்ற எண்ணமும் இருந்தது.

"கோல்கீப்பர் நிக்கட்டும்," என்றார் அந்தோனிதாசன். "வேறை ஆள் இல்லை."

"நடுவிலை விளையாடுற நெட்டையனை வித்துப்போட்டு ரெண்டு பேரை எடுக்கலாம், அண்ணை."

"எடுக்கலாம். லெவ்ற் பாக்?"

"அதென்ன கேள்வி? கலைக்கிறதுதான்."

இடது பக்கத்தில் தடுத்தாடும் அந்த லெவ்ற் பாக்கின் பெயர் யெப்பே. மாத முடிவில் அவனது ஒப்பந்தம் தீர்கிறது. அதைப் புதுப்பிக்கக் கூடாது என்பதில் இந்த மேசைக்கு மூன்று பருவமாக ஒரே கருத்து. கழகம் இவர்களை ஒருமுறையும் கேட்டதில்லை. அது கழகத்தின் குறை.

ஆட்டம் நடக்கும்போது இருவரும் பக்கக் கோட்டை ஒட்டிய முதல் வரிசையில் இருப்பார்கள். முதல் பாதி முழுக்க யெப்பே அவர்களுக்கு முன்னால் ஓடுவான். அந்தோனிதாசன் எழுந்து நின்று கத்துவார். "எருமை மாடு! அது காலோ, உலக்கையோ?" சுற்றியிருந்த டெனிஷ்காரர் அதை உற்சாகப்படுத்தல் என்று எண்ணிக் கைதட்டுவார்கள். தமிழில் கத்துவதில் இது ஒரு வசதி.

அன்று மாலை மேரிகிறேஸ் கணவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"வாற ஞாயிறு மத்தியானம் ஸ்ரெபானி ஒரு பொடியனைச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறாள்."

ஸ்ரெபானி அவர்களுடைய ஒரே பிள்ளை. மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட்.

"எங்கடை ஆளோ?"

"டெனிஷ்."

அந்தோனிதாசன் அதைத் தேநீரோடு விழுங்கினார். "என்ன வேலை?"

"பந்தடிக்கிறது."

"நான் கேட்டது வேலையை."

"அதுதான் வேலை. யெப்பேயாம் பேர். இஞ்சை கொன்ராக்ட் முடியுதாம். ஐஸ்லாந்திலை கேக்கினமாம். அவன் போனால் தானும் போறன் எண்டு நிக்கிறாள்."

தேநீர் ஆறியது.

அடுத்த ஞாயிறு, ரோல்ஸ் வருவதற்கு முன்பே அந்தோனிதாசன் தொடங்கினார்.

"லெவ்ற் பாக்கை விடக்கூடாது."

சண்முகலிங்கம் அவரது நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சலோ, அண்ணை?"

"அனுபவம் உள்ளவன்."

"எதிலை? விழுறதிலையோ?"

"இடது காலாலை அடிக்கிறவனை இப்ப எங்கை தேடுறது?"

"அந்தக் காலை உலக்கை எண்டது நீங்கள்தானே!"

"ஒரு அணிக்கு உலக்கையும் தேவைதான்."

"நீங்கள் என்ன, அவனுக்கு ஏஜென்ரோ? இல்லை, மாமனாரோ?" சண்முகலிங்கம் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். பிறகு கைபேசியில் உள்ளூர்ச் செய்தியைத் தேடிப் படித்தார். "உங்கடை ஆசை நிறைவேறுது, அண்ணை. கழகம் ரெண்டு வருசம் தாறனெண்டு கேட்டிருக்கு. அவன்தான் கையெழுத்து வைக்கேல்லையாம். யோசிக்கிறானாம். எருமைக்கு யோசினை ஒரு கேடு!"

அந்தோனிதாசன் சிரிக்கவில்லை. வீட்டுக்கு விரைந்தார். கழகம் தடையில்லை. இனி ஒரு நண்டுக்கறி போதும் என்று நினைத்தார்.

யெப்பே நன்றாகச் சாப்பிட்டான். காரத்தில் மூக்கு ஒழுகியது, நிறுத்தவில்லை. அந்தோனிதாசன் டெனிஷில் ஹொல்ஸ்டெப்ரோவின் காற்றைப் புகழ்ந்தார். இந்தக் காற்றை அவர் முப்பது வருடமாகத் திட்டி வந்தவர். ஐஸ்லாந்தில் எரிமலைகள் உண்டு என்றும் சொன்னார்.

யெப்பே கையைத் துடைத்துக்கொண்டான். பின், பாடம் ஒப்பிக்கும் பிள்ளை போல, தமிழில் சொன்னான்.

"மாமா. நான் எருமை மாடு. என்ரை கால் உலக்கை."

மேரிகிறேஸ் அகப்பையைக் கீழே வைத்தார்.

"மருத்துவமனைக்கு முழங்கால் காட்ட வந்தவர்," என்று ஸ்ரெபானி டெனிஷில் சொன்னாள். "என்னுடைய பெயரட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டு, இந்தச் சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அவர் சொல்லிக்காட்டிய விதத்திலேயே யாருடைய குரல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அப்பா. நீங்கள் கத்தாவிட்டால் நாங்கள் பேசியிருக்கவே மாட்டோம்."

நன்றி சொல்கிறாளா, குற்றம் சாட்டுகிறாளா என்று அந்தோனிதாசனுக்குப் பிடிபடவில்லை.

"கழகம் நல்ல கழகம்," என்றான் யெப்பே, டெனிஷுக்கு மாறி. "சம்பளமும் பரவாயில்லை. ஆனால் ஐஸ்லாந்தில் பக்கக் கோட்டருகே தமிழர் யாரும் உட்காருவதில்லை. விசாரித்துவிட்டேன்."

"நான் எதிர்ப்பக்கம் இடம் மாறுகிறேன்."

"இடைவேளைக்குப் பிறகு நானும் அந்தப் பக்கம் வந்துவிடுவேன்."

"இஞ்சேருங்கோ," என்றார் மேரிகிறேஸ். "இனி வாய் திறக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ. பிள்ளை இஞ்சை இருக்கட்டும்."

அந்தோனிதாசன் யோசித்தார். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் பேசுவார். தேவாலயத்தில் பங்குச் சுவாமி பேசுவார். வீட்டில் மேரிகிறேஸ். டென்மார்க்கில் அவர் பேச மற்றவர்கள் கேட்கும் இடம் அந்த முதல் வரிசை ஒன்றுதான். மகளைப் பார்த்தார். அவள் தட்டில் நண்டு தொடப்படாமல் கிடந்தது.

"ஒரு வருசத்துக்கு உன்னை ஏசமாட்டன்," என்றார் தமிழில். "பிறகு ஆட்டத்தைப் பாத்து."

"ரெண்டு," என்றான் யெப்பே, தமிழிலேயே.

நண்டு ஆறிக்கொண்டிருந்தது. அந்தோனிதாசன் ஒரு நண்டுக்காலை எடுத்துப் பல்லால் உடைத்தார்.

"ரெண்டு."

ஸ்ரெபானி சாப்பிடத் தொடங்கினாள். மறுநாள் யெப்பே கழகத்துக்குப் போய்க் கையெழுத்திட்டான்.

புதிய பருவத்தின் முதல் ஆட்டம். பந்து யெப்பேயின் காலுக்கடியில் நழுவி வெளியே போனது. சண்முகலிங்கம் துள்ளி எழுந்து கத்தினார். அவருக்கு இன்னும் எதுவும் சொல்லப்படவில்லை. அந்தோனிதாசன் வாயில் பாதி சொசேஜ் இருந்தது. மீதியையும் உள்ளே தள்ளினார்.

"என்ன அண்ணை, பேசாமல் இருக்கிறியள்? குடுங்கோ ரெண்டு! அவனுக்கு என்ன விளங்கவே போகுது?"

யெப்பே பந்தை எடுக்க வந்தான். மாமாவின் வாயை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான்.

அந்தோனிதாசன் மென்று முடித்தார். மைதானம் முழுவதையும் ஒருமுறை கண்ணால் அளந்தார். எதிர்க் கரையில் ரைற் பாக் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பெண்சாதி உண்டு, டெனிஷ்காரி. முழங்காலும் நல்ல முழங்கால்.

அவர் எழுந்து நின்றார். தூரம் அதிகம். கைகளை வாயருகே குவித்துக்கொண்டார்.

"எருமை மாடு!"