ஓர் இரவு வெளியே கிடந்த ரத்தம்

ஈரல் புற்றுநோயை ஒரு துளி ரத்தத்தில் கண்டுபிடித்துவிட்டதாக ஆய்வகத்து இயக்குநர் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தார். அதற்கு மரபணுக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவளை 'நம்ம கம்ப்யூட்டர் பொண்ணு' என்பார். பொண்ணுக்குத் தலை நரைக்க ஆரம்பித்து வருஷங்களாகின்றன.

கணக்கைத் திரும்பப் பார்த்தபோதுதான் கோளாறு அவளுக்குப் பிடிபட்டது. நோயாளிகளின் ரத்தம் மருத்துவமனையில் எடுக்கப்பட்டு, இரவு முழுக்க மேஜையில் கிடந்து, மறுநாள்தான் ஃப்ரீசருக்கு வந்திருந்தது. நோயில்லாதவர்கள் என்று சேர்த்ததோ ஆய்வகத்து ஆட்களை. எடுத்த கையோடு ஃப்ரீசர். வெளியே கிடக்கும் ரத்தத்தில் அணுக்கள் திணறும், சில மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்யும். அவற்றைத்தான் இந்த மேதாவி புற்றுநோய் என்று கொண்டாடினார். பழைய பாலையும் புதுப் பாலையும் பிரித்துக் காட்டிவிட்டு, மாட்டு வைத்தியர் என்று பலகை மாட்டிக்கொண்ட மாதிரி.

சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அவளுடைய அக்காவுக்கு வயிற்று வலி. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார். இயக்குநர் பெரிய மனசு பண்ணி, ஆய்வகத்துக்கே வரவழைத்து ரத்தம் எடுத்து, உடனே ஃப்ரீசரில் வைத்துச் சோதித்து, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா ஸ்கேனைக் கைவிட்டாள். இவள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

"அவ்ளோ பெரிய மனுஷன் சொல்றார், உனக்கு என்னடி தெரியும்?"

இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வாதாடி அலுத்து, சோதித்துப் பார்க்க அவருடைய ரத்தத்தையே ஒரு குழாய் கேட்டாள். தன் ரத்தத்தின் மேல் அவருக்கு அபார மதிப்பு. உடனே சட்டைக் கையை மடித்துவிட்டார். அதை இரவு முழுக்க மேஜையில் போட்டுவிட்டுச் சோதனைக்கு அனுப்பினாள். புற்றுநோய் என்று முடிவு வந்தது.

தாளைப் பார்த்ததும் மனிதருக்கு முகம் வெளுத்தது. வெளியே வைத்த ரத்தம் அது என்று அவள் சொல்லிக்கொண்டே இருக்க, கோட்டைக்கூட எடுக்காமல் கிளம்பிப் போய்விட்டார். சாயங்காலம் அசட்டுச் சிரிப்போடு திரும்பினார்.

"ஒண்ணும் இல்லம்மா. ஸ்கேன் பண்ணிப் பார்த்துட்டேன். ஈரல் சுத்தமா இருக்கு."

அவள் அக்காவின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, போனை அவர் கையில் திணித்தாள். அத்தனை நாள் அடக்கி வைத்த அருவருப்பு குரலில் வந்தது.

"டெஸ்ட் போதாதுன்னு நீங்க எங்க ஓடினீங்கன்னு அவகிட்ட சொல்லுங்க சார்."

ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது என்று போனில் முனகினார்.

"உங்க டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னீங்களே சார்?" என்றாள் அக்கா, மரியாதை குறையாமல்.

"அதை நம்பாதீங்கம்மா" என்று அவர் தன் வாயால் சொல்லும்வரை அவள் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.