கடைசி எட்டு கிலோமீட்டர்

சைக்கிள் கடைக்காரர் காற்றடிக்கும் குழாயை வால்வில் மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அணைக்கட்டு ஆபீஸில் வேலை பார்க்கிற ஒருவர் வாயைத் திறந்தார். யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. டயர் நிறைகிற வரை சும்மா நிற்கப் பிடிக்காமல் சொன்னார்.

"ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான் டேம் நெறஞ்சிருக்கு. இன்னும் ரெண்டடி ஏறும்ங்கறாங்க. காட்டுப் பக்கத்துக் கரையில, கோடையில வெள்ளையா ஒரு சரளைப் பட்டை தெரியுமில்ல, அது முழுக்க உள்ளே போயிடுச்சு."

"அது ரோடு இல்லியா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ரோடா? நல்லாச் சொன்னீங்க. அது தேக்கத்தோட தரைங்க. தண்ணி இறங்கினா தெரியும், ஏறினா மறையும்."

புதிதாக அச்சாகி வந்த வழிப்படக் கட்டை அப்போதுதான் மேசைமேல் வைத்திருந்த ஆள் மேல்தாளை எடுத்து மறுபடி பார்த்தான். நிலம் அளக்கும் ஆபீஸில் படம் வரைகிறவன் அவன். விடுமுறை நாளில் சைக்கிளும் கையுமாக அலைகிறவன். மலைக்காட்டுக்கு நடுவில் இருக்கும் அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றி மண்ணிலும் சரளையிலும் ஓடுகிற பாதைகளை நான்கு நிறக் கோடுகளாக வரைந்து கொடுத்தது அவன்தான். மழையில் பிடித்தாலும் நனையாத தாள். ஏற்றம் எங்கே, இறக்கம் எங்கே, எந்த வளைவில் சரளை இளகிக் கிடக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைக்காரரிலிருந்து வார இறுதி சைக்கிள்காரர்கள் வரை எல்லோருக்கும் அவன் 'மேப் சார்'. அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு உள்ளுக்குள் ஒரு அங்குலம் உயரும்.

"உங்க நீலக் கோடு அந்தப் பட்டையில இல்லாம மேட்டுலதானே சார் போகுது?" என்றார் கடைக்காரர். "உங்க அக்கா ஆறு மணிக்கே நீலத்துல கெளம்பிட்டாங்க. தனியாத்தான். நீங்க முன்னமே குடுத்த மேப்பைக் கைப்பிடியில மாட்டிக்கிட்டு, ஒரே சிரிப்பு."

"ஆமா, ஆமா. மேட்டுலதான்," என்றான். வாய் கூசாமல் வந்தது.

சுவர்க் கடிகாரம் ஒன்பதரை காட்டியது. போன் போட்டான், காட்டுக்குள் ஏது சிக்னல்? "சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்று ஹெல்மெட்டை எடுத்தான். தாடைப் பட்டையை மாட்டாமலே வாசலுக்குப் போனான். கடைக்காரர்தான் மாட்டிவிட்டார்.

நீலக் கோடு முழுச் சுற்று. அறுபத்திரண்டு கிலோமீட்டர். அதில் ஐம்பத்துநாலை அவன் மிதித்திருக்கிறான். ஒருமுறை அல்ல, நாலைந்து முறை. மீதி எட்டு இருக்கிறதே, அங்கேதான் வினை. போன கோடையில் அந்த எட்டுக்காகவே தனியாகப் போனான். வனக் காவலர் குடிசை தாண்டி, ஒரு சின்னப் பாலம் வந்ததும் காடு நெருங்கியது. பறவைச் சத்தம் நின்றது. காற்று நின்றது. தன் சங்கிலி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மிருகம் இல்லை, மனிதன் இல்லை, பயப்பட ஒரு காரணமும் இல்லை. அவன் பயந்தான். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தான். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

வீட்டில் விமானத்திலிருந்து எடுத்த படம் ஒன்று கணினியில் இருந்தது. அதில் கரையோரம் வெள்ளை வெளேரென்று ஒரு பட்டை. இதைவிடத் தெளிவான பாதை யாருக்கு வேண்டும்? அதன்மேலேயே நீலத்தை இழுத்தான். 'சமதளம், சுலபம்' என்றும் எழுதினான். படம் வறட்சி வருஷத்தில் எடுத்தது என்பதைக் கவனிக்கவே இல்லை. நிலம் அளப்பதே பிழைப்பாக இருக்கிறவன்! அன்று சாயங்காலம் அக்கா வந்திருந்தாள். "முழுசா சுத்திட்டியாடா?" என்றாள். "சுத்திட்டேன்" என்றான். அவள் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்த பிறகு எப்படி மாற்றிச் சொல்வது?

அக்கா முப்பது வருஷமாக ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஐம்பத்துமூன்று வயதில் திடீரென்று சைக்கிள் வாங்கினாள். மாமா தலையில் அடித்துக்கொண்டார். மகள்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் அசரவில்லை. "என் தம்பி போடற வழியில நான் போகாம வேற யாரு போவா?" என்று பச்சையை முடித்தாள், மஞ்சளை முடித்தாள், சிவப்பில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு அதையும் முடித்தாள். நீலம்தான் பாக்கி. நீச்சல் அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அந்தக் குடும்பத்தில் யாரும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை.

சிவப்புக் கோடு மலைமுகட்டின் குறுக்கே ஏறிக் காவலர் குடிசையருகே நீலத்தில் சேரும். அதில்தான் ஏறினான். பின்சக்கரம் சரளையில் வழுக்கி வழுக்கி ஓடியது. நின்று மிதித்தால் பிடிமானம் போகிறது. உட்கார்ந்து மிதித்தால் நேரம் போகிறது. எத்தனையோ பேருக்கு 'ஏற்றத்தில் அவசரப்படாதீர்கள்' என்று தாளில் எழுதிக் கொடுத்தவன் இன்று நாயாய் மூச்சிரைத்தான். போய்ச் சேர்வதற்குள் அவள் திரும்பியிருப்பாள் என்று ஒரு மனம் சொல்லும். அவளாவது, திரும்புவதாவது என்று இன்னொரு மனம் சொல்லும். ஆஸ்பத்திரியில் ஊசிக்கு அலறுகிற பயில்வான்களையே உட்கார வைக்கிறவள்.

குடிசைக்கு வெளியே காவலர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அக்கா இந்தப் பக்கம் வந்தாளா என்று கேட்டான்.

"மஞ்சச் சட்டை போட்ட அம்மாதானே? போய் அரை மணி ஆச்சு. தண்ணி ஏறியிருக்கு, போகாதீங்கன்னு நானும் சொல்லிப் பார்த்தேன். 'என் தம்பி போன வழிங்க, தப்பாது'ன்னுட்டாங்க."

மிதித்தான். சின்னப் பாலம் வந்தது. போன கோடையில் உட்கார்ந்திருந்த கைப்பிடிச் சுவரைப் பார்க்காமல் கடந்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு அடியும் அவனுக்குப் புதிது. தான் வரைந்த வழியில் தானே ஊர் தெரியாதவனாகப் போனான். 'சமதளம்' என்று எழுதியிருந்த இடத்தில் பாறை துருத்திக்கொண்டிருந்தது. 'சுலபம்' என்ற இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. வெள்ளைப் பட்டை தண்ணீருக்கடியில் கிடந்தது; அதன் ஓரத்து ஈர மண்ணில் அக்காவின் டயர்த் தடம் மட்டும் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. தள்ளிய இடங்களில் பக்கத்தில் காலடி.

ஒரு திருப்பத்தில் பாதை முடிந்துபோனது. மலைமடிப்புக்குள் எண்பதடி அகலத்துக்குத் தண்ணீர் புகுந்து, மரங்களின் இடுப்புவரை நின்றது. தடம் நேராக அதற்குள் இறங்கியிருந்தது.

"அக்கா!"

எதிர்க்கரையில் ஒருவரும் இல்லை. தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "அக்கா! அக்கோவ்!" என்று மறுபடி கத்தினான். சைக்கிள் தானாகச் சாய்ந்து விழுந்ததையும் அவன் கவனிக்கவில்லை. மாமாவிடம் போய் என்ன சொல்வது என்று நினைத்தான். அந்த நேரத்திலும் தனக்கு அந்த நினைப்புதான் முதலில் வந்தது என்பதை நினைத்து அருவருத்தான்.

எதிர்க்கரைப் பாறை மறைவிலிருந்து மஞ்சள் சட்டை எழுந்தது. ஒரு கையில் ஷூ. அதைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். மார்புவரை நனைந்திருந்தது.

"நீ எங்கடா இங்கே?" என்று கத்தினாள். அவன் வாயைத் திறக்குமுன் அடுத்ததைக் கேட்டாள். "நீ எப்படிடா இதைத் தாண்டினே?"

'அப்போ தண்ணி இல்லக்கா' என்று சொல்லியிருக்கலாம். பாதிக்கு மேல் உண்மை. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

"நான் தாண்டலக்கா. நான் வரவே இல்ல. அந்தச் சின்னப் பாலத்தோட திரும்பிட்டேன். இதெல்லாம் வீட்டுல உக்காந்து போட்ட கோடு."

திட்டுவாள் என்று காத்திருந்தான். பிறந்ததிலிருந்து அவனைத் திட்டிக்கொண்டிருப்பவள் அவள். அவளோ ஷூவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் திரும்பினே?"

"பயமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"தெரியல. சத்தமே இல்ல. அதான்."

"நடுவுல கால் வழுக்கிருச்சுடா," என்றாள். இப்போது கத்தவில்லை, ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் தண்ணீரின் மேல் வந்து சேர்ந்தது. "வண்டியை விட்டுடலாமான்னு இருந்துச்சு. அப்போ என்ன நெனச்சேன் தெரியுமா? இந்தப் பயந்தாங்கொள்ளியே தாண்டியிருக்கான், எனக்கென்ன வந்துச்சுன்னு நெனச்சேன்."

அவனால் நிமிர முடியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றுவதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு தண்ணீரை நோக்கி ஓரடி வைத்தான்.

"இறங்கினே, அவ்வளவுதான் சொல்லிட்டேன்! நான் வந்தப்போ இருந்ததைவிட ஏறியிருக்கு. அங்கேயே நில்லு. பேனா இருக்கா?"

"இருக்கு."

"எழுதிக்கோ."

பையிலிருந்து வழிப்படத்தை எடுத்துப் பின்புறத்தில் எழுதப் பார்த்தான். நனையாத தாளில் பேனா வழுக்கியது. மை ஏறவே இல்லை. சட்டைக் கையைச் சுருட்டி முழங்கைக்குக் கீழே எழுதத் தொடங்கினான்.

"முதல் பதினஞ்சடி முழங்கால். அப்புறம் ஒரு கட்டை கிடக்கு, தெரியாது, கால்ல இடிக்கும். எழுதிட்டியா? நடுவுல மார்பு. அடியில உருண்டைக் கல்லு, வழுக்கும். வண்டியை வலது தோள்ல வெச்சா இடது பக்க மரத்தைப் பிடிச்சுக்கலாம். தண்ணி இருந்தா யாரும் வரக்கூடாதுன்னு பெருசா எழுது. கடையில இருக்கற மேப்பையெல்லாம் போனதும் எடுத்துடு."

"பயமா இருந்துச்சாக்கா?"

"அதையும் எழுதணுமா?"

அவன் எழுதினான். அவள் ஷூவை மாட்டிக்கொண்டாள், சைக்கிளை நிமிர்த்திச் சங்கிலியை ஒருமுறை பின்னுக்குச் சுற்றிப் பார்த்தாள்.

"நீ வந்த வழியே திரும்பு. மீதி ஆறு கிலோமீட்டரை வந்து சொல்றேன்."

முதல் தூறல் விழுந்தது. கையில் 'முழங்கால்' என்ற சொல்லின் மேல் ஒரு துளி பட்டு மை பரவத் தொடங்கியது. அவன் அவசரமாகக் கையைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டான். ஏறிவந்த தண்ணீரில் ஷூ நுனி ஈரமானது, பின்வாங்கினான். மஞ்சள் சட்டை மரங்களுக்குள் போனது, தெரிந்தது, போனது. அவன் கோடு இழுத்திருந்த இடத்தில் அல்ல. அதற்கு வெகு மேலே, மலைச்சரிவில், வழியே இல்லாத ஓர் இடத்தில் அது மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.